எலும்புக்கூட்டுக்கு ஒரு முகம்

அடுப்பில் ரசம் நுரை கட்டுகிறது. கொல்லையில் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் மாமியாருக்கு அந்த வாசனை எட்டிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் மூக்கிலும் அது ஏறிவிடுகிறது. அதையே சித்திரமாகப் போடுங்கள் பார்க்கலாம்! ஈயச் சொம்பை வரையலாம். அதற்குமேல் நாலு சுருள் கோடு இழுத்து ஆவி என்று சொல்லலாம். வாசனை வருமோ? வராது. ஆனால் மாமியார் முகத்தில், 'பெருங்காயம் ஒரு சிட்டிகை ஜாஸ்தி' என்ற பாவத்தைச் சித்திரக்காரர் கொண்டுவந்துவிட்டாரானால், நாலு பக்கம் எழுதினாலும் வராத சிரிப்பு நமக்கு வந்துவிடும்.

சிரிப்பில் இப்படி இரண்டு ஜாதி உண்டு. சொல்லில் பிறப்பது ஒன்று, கோட்டில் பிறப்பது ஒன்று. சொல்லில் பிறந்ததைக் கோட்டுக்குக் கட்டிக்கொடுத்தால் குடித்தனம் ஒத்துப்போகுமா? இங்கிலாந்தில் ஒரு நாவலாசிரியர் இதைச் செய்து பார்த்தார். அதுவும் தம்முடைய சொந்த நாவலை, தம் கையாலேயே வெட்டிச் சுருக்கி! அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அவர் பெயர் டெர்ரி ப்ராட்செட். 1948-ல் பிறந்தவர். பதினேழு வயதிலேயே ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். பிறகு மின்சார வாரியத்தில் அணுமின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லும் உத்தியோகம். 'ஒன்றும் ஆபத்தில்லை' என்று தினந்தோறும் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஹாஸ்யம் எழுத வந்ததில் என்ன ஆச்சரியம்? 1983-ல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' என்ற நாவல் வெளிவந்தது. மாயத்தின் நிறம் என்று பொருள். அதிலிருந்து ஒரே உலகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே போனார். கூட்டிப் பார்த்தால் 41 நாவல்கள். கடைசி நாவல், 2015-ல் அவர் காலமான பிறகுதான் அச்சேறியது.

அந்த உலகம் உருண்டை இல்லை. அப்பளம் போலத் தட்டை. அதை நான்கு யானைகள் தாங்குகின்றன. யானைகள் நிற்பது ஒரு பிரம்மாண்டமான ஆமையின் முதுகில். ஆமையோ ஆகாயவெளியில் நீந்திக்கொண்டே இருக்கிறது. வாசகியரே, நமக்கு இது புதிதா? கூர்மாவதாரமும் அஷ்டதிக் கஜங்களும் பாட்டி சொல்லிக் கேட்ட சமாசாரம். ப்ராட்செட் எட்டு யானையை நாலாகக் குறைத்துச் சிக்கனம் பண்ணியிருக்கிறார், அவ்வளவுதான்! உலகம்தான் விசித்திரமே தவிர, அதில் உலவுகிறவர்கள் நம் தெருவிலேயே இருப்பவர்கள். சம்பளம் போதாத போலீஸ்காரர், சாப்பாட்டு நேரம் தவறினால் கோபித்துக்கொள்ளும் மந்திரவாதி, பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுவதையே தர்மமாகக் கொண்ட சூனியக்காரக் கிழவி என்று இப்படி.

இந்த உலகத்தைச் சித்திரமாக்கப் போனவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு வேடிக்கை காத்திருந்தது. முதல் நாவலில் இருமலர் என்று பொருள்படும் 'டூஃப்ளவர்' என்ற பெயரில் ஓர் உல்லாசப் பிரயாணி வருகிறான். மூக்குக் கண்ணாடி போட்டவன். கண்ணாடியையே கண்டறியாத ஊரில் அவன் வந்து இறங்கும்போது, 'அவனுக்கு நாலு கண்' என்று ஜனங்கள் திகைக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் கண்ணாடி போட்ட குழந்தையை 'நாலு கண்' என்று கேலி செய்வதில்லையா, அதே கதைதான். ஆனால் 1985-ல் வந்த மலிவுப் பதிப்புக்கு அட்டைப்படம் போட்ட ஜோஷ் கிர்பி என்ற கெட்டிக்காரச் சித்திரக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பிரயாணிக்கு நிஜமாகவே நாலு கண்களை வரைந்து வைத்துவிட்டார்! அட்டை அப்படியே அச்சாகி, உலகெங்கும் விற்றது. கிர்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாவலில் 'நாலு கண்' என்றுதானே எழுதியிருக்கிறது? சொல் இரண்டு அர்த்தத்தில் நிற்கலாம். கோடு அப்படி நிற்க முடியாது. ஒன்று நாலு கண், அல்லது ஒரு கண்ணாடி.

இதே முதல் நாவல்தான் முதலில் படக்கதையாகவும் ஆயிற்று. ஸ்காட் ராக்வெல் என்பவர் வசனத்தைத் தொகுத்தார். ஸ்டீவன் ராஸ் படம் போட்டார். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தனித்தனி இதழ்களாக வந்து, பிறகு புத்தகமாயிற்று. அந்த நாவல் படத்துக்குத் தோதானதுதான். ஓட்டமும் துரத்தலும், டிராகன்களும், உலகத்தின் விளிம்பில் கொட்டும் கடலும், நூற்றுக்கணக்கான குட்டிக் கால்களால் எஜமானனுக்குப் பின்னாலேயே ஓடிவரும் ஒரு மரப்பெட்டியும் இருக்கும்போது சித்திரக்காரருக்கு வேறென்ன வேண்டும்? அதில் ஒரு காமிராப் பெட்டி வேறு வருகிறது. உள்ளே ஒரு குட்டிப் பிசாசு உட்கார்ந்துகொண்டு, கண்டதையெல்லாம் பரபரவென்று வர்ணம் தீட்டிக் கொடுக்கும். ரோஜாநிறம் தீர்ந்துபோனால் முணுமுணுக்கும். பத்திரிகை ஆபீஸ்களில் படம் போடுகிறவர்கள் இந்தப் பிசாசைத் தங்கள் குலதெய்வமாக வைத்துக்கொள்ளலாம்!

கஷ்டம் வந்தது, 'மார்ட்' என்ற நாவலைத் தொட்டபோதுதான்.

காலனார் வீட்டு வேலை

'மார்ட்' 1987-ல் வெளிவந்த நான்காவது நாவல். கதாநாயகன் பெயரும் அதுவே. கைகால் நீண்டு, எதிலும் தட்டித் தடுக்கி விழும் குடியானவப் பிள்ளை. பையனை எங்காவது தொழிலுக்குச் சேர்த்துவிடலாம் என்று தகப்பனார் சந்தைக்கு அழைத்துப் போகிறார். எல்லாப் பிள்ளைகளையும் யாராவது ஒருவர் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இவனை மட்டும் சீந்துவார் இல்லை. நடுநிசி மணி அடிக்கிறது. அப்போது வெள்ளைக் குதிரைமேல் ஒருவர் வருகிறார். கறுப்பு அங்கி, கையில் நீண்ட அரிவாள், அங்கிக்குள்ளே வெறும் எலும்பு. வேறு யார்? சாட்சாத் காலனார்தான்!

நம்முடைய யமதர்மராஜனைப் போல இவர் எருமையில் வருவதில்லை, பாசக்கயிறும் கிடையாது. யாரையும் இவர் கொல்வதுமில்லை. நேரம் ஆனதும் வந்து நின்று, வழி காட்டி அனுப்பிவைப்பதோடு சரி. குதிரைக்குப் பிங்க்கி என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார். பூனை என்றால் உயிர். மசாலா போட்ட கறி என்றால் அதற்கும் மேல்! புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனை முதல் நாள் எங்கே அழைத்துப் போகிறார் என்று நினைக்கிறீர்கள்? கறிக்கடைக்கு. எலும்புக்கூடு சாப்பிட்டால் அது எங்கே போகும் என்று நாவலில் யாரும் கவலைப்படுவதில்லை. படம் போடுகிறவர் மட்டும் கவலைப்பட்டாக வேண்டும்.

பையன் தொழில் கற்றுக்கொள்கிறான். ஒரு நாள் தனியாகப் போனபோது, கொலையுண்டு இறக்கவேண்டிய இளவரசி ஒருத்தியைப் பார்த்து மனம் இளகி, அவளைக் காப்பாற்றிவிடுகிறான். அங்கேதான் வந்தது வினை! அவள் உயிரோடு இருக்கிறாள். உலகமோ அவள் இறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு நடக்கிறது. அரண்மனை வேலைக்காரர்களுக்கு அவள் கண்ணில் படுவதே இல்லை. 'இதோ, இளவரசி இருக்கிறாள்' என்று எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவதற்காகவே ஒரு மந்திரவாதியைச் சம்பளத்துக்கு வைக்கவேண்டியதாகிறது. அந்தச் சமயத்தில் காலனாரோ, மனிதர்கள் சந்தோஷம் என்கிறார்களே, அது என்னவென்று பார்த்துவிடலாம் என்று லீவு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மீன் பிடித்துப் பார்க்கிறார். விருந்துக்குப் போய் ஆடிப் பார்க்கிறார். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையற்காரராக நின்று முட்டை பொரிக்கும்போதுதான் அவருக்கு மனநிம்மதி கிடைக்கிறது.

இந்த நாவலைத்தான் ப்ராட்செட் தாமே படக்கதையாக எழுதிக் கொடுத்தார். கிரஹாம் ஹிக்கின்ஸ் என்ற சித்திரக்காரர் வரைய, 1994-ல் அது புத்தகமாக வந்தது. பட நாவல் என்று கௌரவமாகப் பெயர் சூட்டாமல், அட்டையில் 'பெரிய காமிக்' என்று போட்டார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வெட்டும் கை

படக்கதையில் கணக்கு மிகக் கண்டிப்பு. ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டம். ஒரு கட்டத்தில் அதிகம் போனால் இரண்டு பலூன். ஒரு பலூனில் இருபது, இருபத்தைந்து சொல். அதற்குமேல் அடைத்தால் கதாபாத்திரங்களின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். 'மார்ட்' நாவலோ இருநூறு பக்கத்துக்குமேல் போகிறது. அதன் சிரிப்பில் பெரும் பங்கு பாத்திரங்கள் பேசுவதில் இல்லை. ஆசிரியர் குறுக்கே வந்து நம் காதோடு பேசுவதில் இருக்கிறது. பக்கத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு அவர் எழுதும் அடிக்குறிப்புகளுக்கென்றே தனி ரசிகர்கள் உண்டு.

ஓர் உதாரணம் கேளுங்கள். மார்ட்டின் தகப்பனார் பயிரிடுவது ஒரு விசித்திரமான திராட்சை. இந்த வருஷம் விதைத்தால் போன வருஷம் அறுவடை! அந்தத் திராட்சையில் செய்த மதுவைக் குடிப்பவருக்கு, தலைவலி முதல் நாளே வந்துவிடும். படிக்கும்போது சிரிக்கிறோம். இதை வரைவது எப்படி? ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று வரைந்தால், அவன் நேற்றுக் குடித்தவனா, நாளைக்குக் குடிக்கப்போகிறவனா என்று யார் கண்டது? அரசர் இறந்த கணமே அடுத்தவர் அரசராகிவிடுகிறாரே, அப்படியானால் ஒளியைவிட வேகமாகப் போவது ராஜ பதவிதான் என்று இன்னொரு வேடிக்கையும் அதே நாவலில் உண்டு. இதற்கும் உருவம் கிடையாது.

வேறொருவர் இந்த வேலையைச் செய்தால், மூலத்தின்மேல் உள்ள பயபக்தியால் எல்லாவற்றையும் மேலே ஒரு பெட்டி கட்டி உள்ளே திணித்துவிடுவார். ஆசிரியரே செய்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் வலி உண்டு. பெண்ணுக்குப் புடவை எடுக்க எடுத்து வைத்த பணத்தில் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டியிருக்கிறோமே, அந்த வலிதான்! நல்ல ஹாஸ்யம் என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ள முடியாது. கதையை நகர்த்துகிறதா, படத்தில் தெரியுமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் அது உள்ளே வரலாம்.

இழந்ததை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமாகாது. சில இடங்களில் படம்தான் ஜெயிக்கும். இளவரசியை யாரும் கவனிக்கவில்லை என்பதை நாவலாசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. அதையே படமாகப் போட்டால், நட்டநடுவில் கோபத்தோடு நிற்கும் பெண்ணைத் தாண்டி வேலைக்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போவதை ஒரே பார்வையில் கண்டுவிடலாம். நாவலில் இன்னோர் இடம் இருக்கிறது. அவள் பிழைத்திருக்கும் உலகத்தை, அவள் இறந்துவிட்ட பழைய உலகம் மூடுபனிச் சுவர் போல நாலாபுறமும் நெருக்கிக்கொண்டு வருகிறது. சுவர் ஒரு சத்திரத்தின் வழியாக நகர்கிறது. அரசியின் தலை என்றிருந்த பெயர்ப்பலகை, சுவர் கடந்ததும், பிரபுவின் தலை என்று மாறிவிடுகிறது. உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய பெயர் ஞாபகமே இல்லை! கட்டத்துக்குக் கட்டம் ஒரே இடத்தைக் காட்டி, ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிக் காட்டுவது படக்கதையின் பிறவிக் குணம். இதற்காகவே எழுதினது போல இருக்கிறது.

வாரா வாரம் தொடர்கதை படித்து, 'தொடரும்' என்ற சொல்லைக் கண்டு பல்லைக் கடித்துக்கொள்ளும் உங்களுக்கு இன்னொன்றும் புரியும். 'மார்ட்' நாவலில் அத்தியாயப் பிரிவே கிடையாது. படக்கதையிலோ வலப் பக்கத்தின் கடைசிக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் 'தொடரும்'தான். புரட்டினால்தான் தெரியும் என்ற இடத்தில் ஆச்சரியத்தை ஒளித்துவைக்கலாம்.

நாயகியை மறந்துவிட்டேனே! காலனாருக்கு ஓர் அபிமான புத்திரி இருக்கிறாள். இசபெல் என்று பெயர். காலனார் வீட்டில் காலம் நகர்வதில்லையாகையால், அவளுக்கு முப்பத்தைந்து வருஷமாகப் பதினாறு வயது! பொழுதுபோக வேண்டாமா? அந்த வீட்டில் ஒரு புத்தகசாலை உண்டு. ஒவ்வொரு மனிதரின் வாழ்க்கையும் தானே தன்னை எழுதிக்கொண்டிருக்கும் புத்தகங்கள். அதில் காதலுக்காக உயிர்விட்ட பெண்களின் கதைகளைத் தேடித் தேடிப் படித்து அழுவதுதான் அவள் வேலை. (நமக்கு வேண்டியவள்தான்!) அவள் கொடியிடையாள் அல்ல. கொஞ்சம் அதிகமாகவே சாக்லேட் தின்று வளர்ந்தவள் என்று ஆசிரியர் ஜாடையாகச் சொல்லிவிடுகிறார். எழுத்தில் ஜாடை காட்டிவிட்டு நழுவிவிடலாம். வரைகிறவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. எந்த ஊர்ச் சித்திரக்காரருக்கும் நாயகி என்றால் இடுப்பைக் காணாமல் அடித்துவிடும் வழக்கம் உண்டு. அப்படி மெலியவைத்தால் அவள் இசபெல்லாக இருக்கமாட்டாள். மார்ட்டும் அவளும் முதலில் ஒருவரையொருவர் பார்த்து முகம் சுளிப்பதன் ருசியும் போய்விடும்.

குரலை வரைவது

காலனார் பேசும்போது மட்டும் நாவலில் எல்லாமே பெரிய எழுத்து. மேற்கோள் குறியும் கிடையாது. ஆங்கிலத்தில் எழுத்துக்குப் பெரிசு, சிறிசு என்று இரண்டு உருவம் இருப்பதால் இந்த உபாயம். கல்லறைக் கதவு மூடுவது போன்ற குரல் என்று நம் காதில் விழவேண்டும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. காலனார் லீவில் இருக்கும்போது, மார்ட் அவருடைய வேலையைச் செய்துசெய்து, கொஞ்சம் கொஞ்சமாக அவரைப் போலவே ஆகிறான். எப்படித் தெரிகிறது? அவன் பேச்சின் நடுவில் திடீரென்று ஒரு வார்த்தை பெரிய எழுத்தில் வருகிறது. படிக்கிற நமக்கு முதுகு சிலிர்க்கிறது.

இப்போது சங்கடத்தைப் பாருங்கள். ஆங்கிலப் படக்கதைகளில் வெகுகால வழக்கப்படி, யார் பேசினாலும் பலூனில் பெரிய எழுத்துத்தான்! எல்லோரும் காலனார் மாதிரிப் பேசினால், காலனார் எப்படிப் பேசுவது? எழுத்தின் வடிவத்தை மாற்றவேண்டும்; பலூனின் உருவத்தை மாற்றவேண்டும். 1980-களின் இறுதியில் தொடங்கிய 'தி ஸாண்ட்மேன்' என்ற படக்கதையில் கனவுகளின் அதிபதிக்கு டாட் க்ளைன் என்ற எழுத்துச் சித்திரக்காரர் கறுப்புப் பலூனில் வெள்ளை எழுத்து எழுதினார். ஓரமெல்லாம் அலைந்து அலைந்து இருக்கும். பார்த்தவுடனே, 'இது மனிதக் குரல் இல்லை' என்று கண் சொல்லிவிடும். படக்கதையில் குரலைக் காதால் கேட்பதில்லை, கண்ணால்தான் கேட்கிறோம். தமிழில் யாராவது இந்த நாவலைக் கொண்டுவந்தால் சங்கடம் தலைகீழாகிவிடும். நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது. அதனால் நாவலிலேயே குரலுக்கு வேறு வழி தேடவேண்டும்.

குரல் ஒரு பங்கு கஷ்டமென்றால், முகம் பத்துப் பங்கு கஷ்டம். மண்டையோட்டுக்குப் புருவம் இல்லை, உதடு இல்லை, கன்னம் இல்லை. எப்போதும் ஒரே இளிப்பு. கோபம், வருத்தம், குழப்பம், பாசம் எல்லாவற்றுக்கும் அதே இளிப்புத்தான். நாவலில் சொற்கள் அந்த இளிப்பைக் கடந்து உள்ளே அழைத்துப் போய்விடுகின்றன. படத்தில் அந்த இளிப்புத்தான் முதலில் கண்ணில் படும். அங்கியின் நிழல் நெற்றியில் எவ்வளவு விழுகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, தோள் தொய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா, எலும்பு விரல்கள் பூனையின் முதுகில் எப்படிப் படிகின்றன என்பதைக்கொண்டுதான் மனசைக் காட்டவேண்டும். நம் பொம்மலாட்டக்காரருக்கு இந்தக் கஷ்டம் தெரியும். பொம்மையின் முகம் மாறாது. ஆனாலும் தலையைக் குனியவைத்தால் சபை அழுகிறது.

இதெல்லாம் வெறும் தொழில் சங்கடம் என்று எண்ணிவிடாதீர்கள். மரணப் படுக்கையில் இருந்த வாசகர்களிடமிருந்து ப்ராட்செட்டுக்குக் கடிதங்கள் வந்ததுண்டு. எங்களை அழைத்துப் போக வருகிறவர் உங்கள் கதையில் வருகிற இவராகவே இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்று எழுதினார்களாம். அப்படிப்பட்ட கடிதம் வந்தால் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர்களெல்லாம் மனத்துக்குள் வைத்திருந்த முகத்துக்கு இப்போது ஒருவர் கோடு போடவேண்டும். இரவில் குழந்தை அலறும்படி பயங்கரமாகப் போட்டாலும் துரோகம். கோமாளியாகப் போட்டாலும் துரோகம்.

எலும்புக்கூட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. 'மார்ட்' நாவலைச் சினிமாவாக எடுக்கப் பேச்சு நடந்தபோது, அமெரிக்கப் பக்கத்துக் கூட்டாளிகள், கதை பிரமாதம், அந்த மரண சமாசாரத்தை மட்டும் நீக்கிவிடலாமே என்று சொன்னார்களாம். ப்ராட்செட் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ராமாயணம் நன்றாக இருக்கிறது, ராமர் மட்டும் வேண்டாம் என்கிற மாதிரி! அந்தப் படம் வரவேயில்லை. அதே நாவல் படக்கதையாக வந்தபோது காலனார் முழு எலும்போடு வந்தார்.

பிறகு 2000-ல், போலீஸ்காரர்கள் கதையான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலையும் ஹிக்கின்ஸ் வரைந்தார். வசனம் தொகுத்தவர் ஸ்டீபன் பிரிக்ஸ். ப்ராட்செட் நாவல்களை மேடை நாடகங்களாக்கிப் பெயர் வாங்கியவர். மேடையும் படக்கதையும் ஒருவகையில் ஓரகத்திகள்தான். இரண்டிலும் ஆசிரியர் குறுக்கே வந்து பேச முடியாது. 2016-ல் ரே ஃப்ரீசன் என்பவர் 'ஸ்மால் காட்ஸ்' நாவலைத் தாமே தொகுத்து, தாமே வரைந்து வெளியிட்டார். பக்தர்கள் குறைந்துபோனதால் ஒரு பெரிய தெய்வம் சின்ன ஆமையாகச் சிறுத்துவிடுகிற கதை அது.

ப்ராட்செட்டுக்கு 2007-ல் மறதி நோய் வந்திருப்பது தெரிந்தது. பார்வையையும் எழுத்தையும் முதலில் தாக்கும் அரிய வகை. தட்டெழுத்து முடியாமற் போகவே, வாயால் சொல்லிச் சொல்லியே பின்னும் பல நாவல்களை முடித்தார். 2015 மார்ச் 12-ந் தேதி அவர் காலமான செய்தியை அவருடைய காரியதரிசி ராப் வில்கின்ஸ்தான் ட்விட்டர் மூலம் வெளியிட்டார். செய்தியின் முதல் வரியில் பேசியவர் காலனார். பெரிய எழுத்துக்களில், மேற்கோள் குறி இல்லாமல்.

உங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இருந்தால், நாவலை முதலில் கொடுப்பதா, படக்கதையைக் கொடுப்பதா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம், பன்னிரண்டு வயதுக்குமேல் என்றால் நாவல்தான் முதலில். காலனாருக்கு அவர்களே ஒரு முகம் வரைந்துகொள்ளட்டும். பிறகு ஹிக்கின்ஸின் புத்தகத்தைக் கொடுத்து, 'உன்னுடையவர் இப்படித்தான் இருந்தாரா?' என்று கேளுங்கள். சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அன்றைக்கு ரசத்தில் பெருங்காயம் கூடினால்கூடக் கவனிக்கமாட்டார்கள்.